சின்னக் கட்டிக்கு முழுச் சிறுநீரகமா?



பதிவு நீளமானது. வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் வந்தன. பழைய மாணவர்கள் குழுவில் ஒரு வீடியோ: "கத்தி இல்லை, ரத்தம் இல்லை, கிட்னி கேன்சரை ஐஸ் வைத்தே கொன்றுவிடலாம்!" உறவினர் குழுவில் ஒரு குரல் செய்தி: தூரத்து உறவில் ஒருவருக்கு ஸ்கேனில் கிட்னியில் ஏதோ சின்னக் கட்டி தெரிகிறதாம். "இன்னொரு கிட்னிதான் இருக்கே, யோசிக்காம எடுத்துடச் சொல்லுங்க" என்று ஒருவர் சொல்ல, அதற்கு வரிசையாக ஆறு கட்டைவிரல்கள்.

முதல் செய்தி பாதி உண்மை. இரண்டாவது அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். அதனால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

என் கட்சி இதுதான். 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டிக்கு இன்றைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவது. இரண்டு, கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது. மூன்று, தோல் வழியாக ஊசியைச் செலுத்திக் கட்டியை உறைய வைத்தோ சுட்டோ அழிப்பது. நான்கு, சிறுநீரகத்தையே முழுதாக எடுத்துவிடுவது. கடைசியாக யோசிக்க வேண்டிய நான்காவது வழி நம் வீடுகளில் முதலாவதாகவும் ஒரே வழியாகவும் வந்து நிற்கிறது. மூன்றாவது வழியின் பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டதில்லை. நான்கையும் சொல்லாமல் ஒருவரின் உறுப்பை எடுப்பது அநியாயம். அந்த அநியாயத்தில் மருத்துவமனைக்கு ஒரு பங்கு என்றால், குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றைக்குச் சிறுநீரகக் கட்டிகள் பெரும்பாலும் தற்செயலாகத்தான் கண்ணில் படுகின்றன. பித்தப்பைக் கல்லுக்கோ, புராஸ்டேட்டுக்கோ, மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கோ வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள். வலியில்லை, சிறுநீரில் ரத்தமில்லை, எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்கேனில் மட்டும் ஒரு நிழல், 2 சென்டிமீட்டர், 2.5 சென்டிமீட்டர் என்று. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இந்தக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை. கட்டி எவ்வளவு சிறிதோ, அது தீங்கற்றதாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல். புற்றுநோயாக இருப்பவற்றிலும் பல மிக மெதுவாக வளர்பவை. கண்காணிப்பில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் கணக்குப்படி, சராசரி வளர்ச்சி வருடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். முதல் சில வருடங்களில் வேறு உறுப்புக்குப் பரவியது நூற்றில் ஓரிருவருக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள். மிச்ச நான்கு பங்கு புற்றுநோய்தான். அதில் வேகமாக வளரும் வகையும் உண்டு. நான் சொல்வது ஒன்றே ஒன்று: சின்னக் கட்டி என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. இன்று ஸ்கேன், நாளை அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன் என்று ஓட வேண்டிய அவசரம் இல்லை. இரண்டாவது டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டால் குடி முழுகிப்போகாது.

இந்த அவசரம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. என் பெரியம்மா மகன், எனக்கு மூத்தவர். வயது 71. இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தின் வெளிவிளிம்பில் 2.3 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு "கேன்சர் மாதிரி இருக்கு, எடுத்துடலாம்" என்றார்கள். பிள்ளைகள் அப்பாவிடம் "கல்லு இருக்காம்ப்பா, எடுக்கப் போறாங்க" என்றார்கள். நான்காம் நாள் முழுச் சிறுநீரகமும் வெளியே வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து வந்த பரிசோதனை முடிவில் ஆன்கோசைட்டோமா என்று இருந்தது. அதாவது தீங்கற்ற கட்டி. கேன்சரே இல்லை.

அதற்கு முன் 1.3 இருந்த கிரியாட்டினின் இப்போது 2.2. "கல்லைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் ஏன் இது ஏறிக்கிட்டே போகுது?" என்று அண்ணன் ஒவ்வொரு மாதமும் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்கு உண்மையைச் சொன்னார்கள். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது, நாலு பேராவது கேள்வி கேட்கட்டும்" என்றார்.

இனி வாதத்துக்கு வருகிறேன். குழுவில் வந்த ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் சொல்கிறேன்.

"ஒரு கிட்னி போதுமே. தானம் கொடுத்தவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

தானம் கொடுப்பவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, இரண்டு சிறுநீரகமும் முழுத் திறனில் வேலை செய்கிறதா என்று மாதக்கணக்கில் சோதித்து, எல்லாவற்றிலும் தேறியவரிடம்தான் எடுக்கிறார்கள். நம் அப்பாவோ அம்மாவோ அந்தப் பரீட்சை எழுதினால் தேறுவார்களா? ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுக்க நடந்த சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். அப்படிப்பட்டவரிடம் இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்தால், மிச்சம் இருப்பது முழுதாக ஒன்று என்று சொல்ல முடியுமா? ஏற்கெனவே தேய்ந்த ஒன்றுதான் மிச்சம்.

நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. இரண்டு சிறுநீரகமும் உள்ளவர்கள், கிரியாட்டினின் இயல்பாக உள்ளவர்கள், கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருப்பவர்கள், மொத்தம் 662 பேர். அதில் 26 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கிரியாட்டினின் இயல்பாக இருந்தும் அப்படி! மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் புதிதாக அந்தக் குறைபாடு வராமல் தப்பியவர்கள் 80 சதவீதம். முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தவர்களில் தப்பியவர்கள் 35 சதவீதம்.

எதிர்த்தரப்பில் இருக்கும் வலுவான சாட்சியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் 541 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முழுதாகவும் மறுபிரிவுக்குப் பகுதியாகவும் சிறுநீரகத்தை எடுத்துப் பல வருடம் தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது. பகுதி எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அது காட்டவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு, இருபது வருடச் சர்க்கரைக்காரரிடம் "ஒன்று போதும்" என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரையும், வேலைக்குப் போகாமல் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அவர் மகனையும் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

"உறைய வைக்கிறதா? அது என்ன புதுசா? நம்மள வெச்சு சோதனை பண்றாங்களா?"

புதுசு இல்லை. ஜேம்ஸ் ஆர்னாட் என்ற ஆங்கில மருத்துவர் 1850களிலேயே உப்பையும் ஐஸையும் கலந்த கலவையை வைத்துக் கட்டிகளைக் குளிரூட்டிப் பார்த்தார். லண்டனில் 1851இல் நடந்த பெரிய கண்காட்சியில் தன் கருவியைக் காட்சிக்கும் வைத்தார். நம் ஊர் குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் ஐஸோடு கல்லுப்பைப் போடுவாரே, அதே தத்துவம். 1960களில் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்ற நரம்பியல் சர்ஜன் திரவ நைட்ரஜன் ஓடும் கருவியால் மூளைக்குள்ளேயே உறைய வைத்தார். சிறுநீரகக் கட்டிகளுக்கு இது வந்தது 1990களில். இன்றைக்கு இருப்பது ஆர்கான் வாயு ஓடும் மெல்லிய ஊசி.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள், பழக்கம் விடவில்லை. மிக அதிக அழுத்தத்தில் உள்ள வாயுவைச் சின்னத் துளை வழியாக விரிய விட்டால் அதன் வெப்பநிலை மாறும். ஜூல்–தாம்சன் விளைவு, ஞாபகம் இருக்கிறதா? அறை வெப்பநிலையில் ஆர்கானை அப்படி விட்டால் கடுமையாகக் குளிரும். ஹீலியத்தை விட்டால் நேர்மாறாகச் சூடாகும். "இதெல்லாம் படிச்சு என்ன சார் பிரயோஜனம்?" என்று கடைசி பெஞ்சில் இருந்து கேட்டவர்களே, இதோ பிரயோஜனம். ஒரே ஊசிக்குள் ஆர்கானை விட்டால் உறையும், ஹீலியத்தை விட்டால் உருகும். ஊசியின் தடிமன் சுமார் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். முனையில் வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகும்.

நோயாளியைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்து, சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகுப்புறத் தோல் வழியாக ஒன்றோ இரண்டோ மூன்றோ ஊசிகளைக் கட்டிக்குள் நிறுத்துகிறார்கள். குடல் பக்கத்தில் இருந்தால் இடையில் திரவத்தைச் செலுத்தி அதைத் தள்ளிவைக்கிறார்கள். சுமார் 10 நிமிடம் உறைய வைத்து, உருகவிட்டு, மறுபடி 10 நிமிடம் உறைய வைக்கிறார்கள். ஏன் இரண்டு தடவை? முதல் தடவை செல்லுக்கு வெளியே உள்ள நீர் உறைந்து, உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல்லுக்குள்ளேயும் பனித்துகள் உருவாகிச் சவ்வைக் கிழிக்கிறது. உருகும்போது நீர் திரும்பப் பாய்ந்து செல் வீங்கி வெடிக்கிறது. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் அடைபடுகின்றன. இரண்டாம் தடவை, மிச்சம் பிழைத்தவற்றின் கதையும் முடிகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. உறைந்த பகுதி சி.டி. படத்தில் கறுத்த உருண்டையாகக் கண்ணுக்குத் தெரியும். சூட்டால் அழிக்கும்போது எதுவரை அழிந்தது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆனால் பனி உருண்டையின் ஓரத்தில் வெப்பநிலை வெறும் பூஜ்யம்தான். செல் நிச்சயமாகச் சாக வேண்டுமானால் மைனஸ் 20 முதல் மைனஸ் 40 வரை போக வேண்டும். அதனால் கட்டியின் விளிம்பைத் தாண்டி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை உருண்டையை வளர்க்கிறார்கள். குளிரே மரத்துப்போகச் செய்வதால் பலருக்கு மயக்கம் கலந்த வலி மருந்தே போதும், முழு மயக்கம் தேவைப்படாது. பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம்.

அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளுக்கு இப்படிக் குளிராலோ சூட்டாலோ அழிப்பதையும் ஒரு மாற்று வழியாக மருத்துவர்கள் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. மேயோ கிளினிக் 2015இல் வெளியிட்ட கணக்கில், 4 சென்டிமீட்டர் வரை கட்டி இருந்த 1,424 பேரில் 1,057 பேருக்குக் கட்டியை மட்டும் வெட்டியும், 180 பேருக்குச் சூட்டாலும், 187 பேருக்குக் குளிராலும் சிகிச்சை. அதே இடத்தில் கட்டி திரும்ப வராமல் இருந்ததில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைச் சோதனை முயற்சி என்று தள்ளிவிட முடியுமா?

"அப்போ அந்த வீடியோ சொல்றது சரிதானே சார்?"

இல்லை. இனி அந்தப் பக்கமும் நாலு வார்த்தை.

மேயோ கணக்கிலேயே மொத்த ஆயுள் வெட்டி எடுத்தவர்களுக்குத்தான் அதிகம். அவர்கள் வயதில் குறைந்தவர்கள், மற்ற நோய்கள் குறைந்தவர்கள் என்பது ஒரு காரணம். ஆனாலும் உறைய வைப்பதும் வெட்டுவதும் சமம் என்று அடித்துச் சொல்ல அந்தக் கணக்கு போதாது. ஒரே முறையில் முழுதாக அழியாமல் கொஞ்சம் மிஞ்சும் வாய்ப்பு அறுவை சிகிச்சையைவிட உறைய வைப்பதில் கூடுதல் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படி மிஞ்சினால் மறுபடி உறைய வைக்கலாம், அதுவும் உண்மை. ஐம்பது வயதில் மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்குக் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பதற்குத்தான் சான்று பலமாக இருக்கிறது.

"ரத்தம் இல்லை" என்பதும் பொய். உறைய வைப்பதில் முக்கியமான சிக்கலே ரத்தக்கசிவுதான். சூடு ரத்தக் குழாயைச் சுட்டு மூடிவிடும், குளிர் அப்படி மூடாது. கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் பலன் குறைகிறது. சிறுநீரகத்தின் நடுவே, பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருந்தால், ஓடும் வெதுவெதுப்பான ரத்தமே ஊசி உண்டாக்கும் குளிரைக் குறைத்துவிடும். சிறுநீர்க் குழாய்க்கும் குடலுக்கும் காயம் படலாம். அழிந்த கட்டி உடம்புக்குள்ளேயே கிடந்து மெல்லச் சுருங்கும். அதனால் ஸ்கேனில் தொடர்ந்து ஏதோ தெரியும். அதில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "ஊசி போட்டாச்சு, முடிஞ்சுது" என்று அதன்பிறகு ஸ்கேனுக்கே போகாமல் இருக்கும் ஆளுக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. அந்த வீடியோவில் இதில் ஒரு வரியாவது இருந்ததா?

பிறகு யாருக்கு இது? எழுபதைத் தாண்டியவர், இருதயம் பலவீனமானவர், சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே தேய்ந்தவர், ஏற்கெனவே ஒற்றைச் சிறுநீரகத்தில் ஓட்டுபவர், பரம்பரையாகத் திரும்பத் திரும்பக் கட்டி வருபவர், பெரிய ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்று மயக்க மருந்து டாக்டரே தயங்குபவர். இப்படிப்பட்டவருக்கு 2.5 சென்டிமீட்டரில் கட்டி இருந்தால், உறைய வைப்பதைப் பற்றிப் பேசாமலேயே முழுச் சிறுநீரகத்தை எடுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

"ஊசி குத்தினா கேன்சர் பரவிடும். பயாப்சி வேண்டாம்."

நம் ஊரில் வேரூன்றிய பயம் இது. சிறுநீரகக் கட்டியில் பயாப்சி ஊசியின் வழியே புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. ஆனால் பயாப்சி எடுக்காமல் விட்டால் நடப்பது அரிதல்ல: ஐந்தில் ஒருவர் இல்லாத நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். உறைய வைப்பதாக இருந்தால் பயாப்சி இன்னும் அவசியம். வெட்டி எடுத்தால் கட்டி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். உறைய வைத்தால் பரிசோதிக்க எதுவும் வெளியே வராது. அதனால் அதற்கு முன்பாகவோ, அப்போதேயோ சதைத்துணுக்கு எடுத்தாக வேண்டும். பயாப்சி எல்லாவற்றையும் தீர்த்துச் சொல்லிவிடாது, சில சமயம் முடிவு தெளிவில்லாமல் வரும், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் ஒரு உறுப்பை இழப்பதற்கு முன் ஒரு ஊசிக்குத்து அதிகமான விலையா?

"இவ்வளவு இருந்தா டாக்டரே சொல்லியிருப்பாரே?"

எல்லா டாக்டரும் மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களிலேயே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், பொறுமையாக உட்கார்ந்து படம் வரைந்து விளக்குபவர்கள். ஆனால் அமைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கட்டி என்றதும் நாம் போவது யூராலஜி சர்ஜனிடம். அவர் கையில் இருக்கும் வித்தை வெட்டுவது. ஊசியால் உறைய வைப்பவர் பெரும்பாலும் ஸ்கேன் பிரிவைச் சேர்ந்த இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது. ஜவுளிக்கடைக்குள் போய் நின்றால் துணியைத்தான் விரித்துக் காட்டுவார்கள். பக்கத்துக் கடையில் என்ன கிடைக்கும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கருவிக்கும், ஆர்கான் வாயுவுக்கும், ஒரு தடவை மட்டுமே பயன்படும் ஊசிகளுக்கும் செலவு அதிகம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை, பெரிய நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஈரல் கட்டிகளுக்குப் பயன்படும் சூட்டுக் கருவி இதைவிடப் பரவலாகக் கிடைக்கிறது, சின்னக் கட்டிக்கு அதுவும் ஒரு வழிதான். "எங்களிடம் இல்லை, இன்ன ஊரில் இருக்கிறது, போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம். "எங்களிடம் இல்லை" என்பதை "அப்படி ஒரு வழியே இல்லை" என்று ஆக்குபவரைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டார்."

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த வாக்கியத்தின் மேல்தான். உங்களைப் படிக்க வைத்தவர், வீடு கட்டியவர், தன் பெற்றோரைத் தானே கொள்ளி வைத்து அனுப்பியவர், இரண்டரை சென்டிமீட்டர் கட்டியைத் தாங்கமாட்டாரா? அவருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் முடிவு செய்த நிமிடத்திலேயே நான்கு வழிகளில் மூன்று அடைபட்டுவிடுகின்றன. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்று கல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? பயாப்சிக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? உறைய வைத்த பிறகு வருடக்கணக்கில் சி.டி. எடுக்கக் கூட்டிப்போகும்போது என்ன சொல்வீர்கள்? பொய்யோடு ஒத்துப்போகும் சிகிச்சை ஒன்றே ஒன்றுதான்: ஒரே நாளில் எடுத்து எறிந்துவிட்டு வாயை மூடிக்கொள்வது. முழுச் சிறுநீரகத்தை எடுப்பது நம் வீடுகளில் இவ்வளவு சுலபமாக ஜெயிப்பதற்கு இந்தப் பொய்யும் ஒரு காரணம்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், சுயநினைவோடு முடிவு செய்யக்கூடிய வயது வந்தவருக்குப் பதிலாகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். செய்யப்போவது என்ன, அதன் ஆபத்து என்ன, மாற்று வழிகள் இருந்தால் அவை என்ன என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்றும் சொன்னது. மாற்று வழிகள் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஃபார்மில் மகன் போடும் கையெழுத்தால் அப்பாவின் உரிமை மகனுக்கு மாறிவிடாது.

கடைசியாக, வீட்டுப்பாடம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிறுநீரகக் கட்டி என்று வந்தால், நோயாளியையும் கூட உட்கார வைத்துக்கொண்டு டாக்டரிடம் இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. கட்டியின் அளவு எத்தனை சென்டிமீட்டர்? சிறுநீரகத்தின் ஓரத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா?

2. இது கேன்சர் என்று எப்படித் தெரியும்? பயாப்சி எடுக்கலாமா? வேண்டாம் என்றால் ஏன்?

3. இப்போது சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது? கிரியாட்டினின் மட்டும் சொன்னால் போதாது, ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?

4. சில மாதம் கண்காணித்துப் பார்த்தால் என்ன ஆபத்து?

5. கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் காரணம் கட்டியா, இங்கே வசதி இல்லாததா?

6. உறைய வைத்தோ சுட்டோ அழிக்க இது ஏற்ற கட்டிதானா? அதைச் செய்யும் டாக்டரிடம் ஒரு கருத்துக் கேட்க எங்களை அனுப்புவீர்களா?

7. முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தால் ஐந்து வருடம் கழித்து இவருடைய மற்றச் சிறுநீரகம் எப்படி இருக்கும்?

இந்த ஏழுக்கும் பதில் கேட்ட பிறகும் முழுதாக எடுப்பதுதான் சரி என்று வரலாம். கட்டி பெரிதாகவோ நடுவிலோ இருந்தால் அப்படித்தான் வரும். அப்போது தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்து எடுத்த முடிவு. கேள்வி கேட்டதற்காகக் கோபப்படும் டாக்டரிடமிருந்து ரிப்போர்ட்டையும் சி.டி. படத்தையும் வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போங்கள். அவை உங்களுடையவை.

டாக்டர்களாக இருக்கும் என் மாணவர்கள் நான் எழுதியதில் தவறு இருந்தால் தயங்காமல் கமெண்டில் திருத்துங்கள். பரீட்சைத்தாளில் நான் உங்களுக்குச் சிவப்பு மை போட்டதை இப்போது திருப்பிச் செய்யலாம். எந்த ஊரில் இந்த வசதி இருக்கிறது என்று நேரடியாகத் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள், விளம்பரமாக இல்லாமல். உறவினர் குழுவில் கட்டைவிரல் காட்டிய ஆறு பேரும் அந்த உறவினர் வீட்டுக்கு இன்று போன் செய்து, இந்த ஏழு கேள்விகளையும் அவரிடமே படித்துக் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு அடுத்த வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்களாம்.